மடிப்புக்கு நாலு அங்குலம்

என் மதினி செல்லக்கிளிக்கு அகரத்தில் முப்பது வயதுக்குக் கீழே உள்ள அத்தனை பேருடைய எடையும் தெரியும். இன்றைய எடை அல்ல, ஒரு வயதில் இருந்த எடை. முப்பது வருடம் பாலவாடி டீச்சராக இருந்து, தொங்கு தராசில் துணியைக் கட்டி, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அதில் போட்டு நிறுத்தவர். நோட்டில் எழுதியதை ஆபீசில் கொடுத்துவிட்டார். மண்டையில் எழுதியதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

முகேஷ்குமார் என்ற பையன் இப்போது போலீசில் இருக்கிறான். ஒருநாள் தாடிக்கொம்பு ரோட்டில் என் வண்டியை மறித்து, ஹெல்மெட் எங்கே என்று அதட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த மதினி, "ஏலே முகேசு, ஒரு வயசுல ஆறே கால் கிலோ இருந்தவன்டா நீ. சத்துமாவு உருண்டைய ஊட்ட ஊட்டத் துப்புவ. இப்ப தொந்திய எக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற" என்றார். அவன் இன்னும் கொஞ்சம் எக்கிக்கொண்டு, "போங்க டீச்சர்" என்று வழிவிட்டான். மறுநாளே நான் ஹெல்மெட் வாங்கினேன். போலீசுக்குப் பயந்து அல்ல. வீடு போய்ச் சேரும் வரைக்கும் மதினி என் மண்டையில் கொட்டிக்கொண்டே வந்தார்.

நான் பொன்ராஜ், அவருடைய கொழுந்தன். வயது ஐம்பது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். வாசலில் நாய் குரைத்தால் கட்டிலுக்கு அடியில் போகிற ஆளையும் சிங்கத்தின் மேல் உட்காரவைத்து, 'அஞ்சாநெஞ்சன்' என்று போட்டுக் கொடுப்பது என் தொழில். அந்த அடைமொழிகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அவைதான் சோறு போடுகின்றன. அந்தச் சோற்றுக்கு வழி செய்தவர் மதினி. இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லப் போய்த்தான் இத்தனை கூத்தும் நடந்தது.

மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் பெருமாள்சாமி பருத்திக்காட்டில் கிடப்பார். நான் புளியமரத்தில் கிடப்பேன். வந்த மறுநாள் மதினி மரத்தடியில் நின்று, "எறங்கி வந்து குளி, இல்லேன்னா நான் ஏறி வாரேன்" என்றார். புதுப்பெண் எங்கே ஏறப்போகிறது என்று சும்மா இருந்தேன். ஏறி வந்துவிட்டார்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் மூன்று முறை பெயிலானேன். மூன்றாவது தடவை அண்ணன், "போதும்டா, மாடு மேய்க்க அல்ஜீப்ரா வேணாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மதினி ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். இடுப்பில் கைக்குழந்தை சௌந்தர்யா, கையில் கரண்டி. "அப்படி என்னதான் இருக்கு அந்தப் பொஸ்தகத்துல, கொண்டா பாப்போம்" என்று வாங்கிப் பார்த்தார். மறுவாரம் என்னை அனுப்பி, தனியாகப் பரீட்சை எழுதுவதற்கு இரண்டு விண்ணப்பம் வாங்கிவரச் சொன்னார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. "தனியாப் போனா நீ பராக்குப் பாப்ப. நானும் கூட வாரேன்" என்றார்.

எட்டு மாதம் சேர்ந்து படித்தோம். படித்தோம் என்றால் அவர் படித்தார், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். மாவாட்டும்போது தேற்றம் ஒப்பிப்பார். களை எடுக்கும்போது வாய்ப்பாடு. பரீட்சை அறையில் அவர் எனக்கு முன் பெஞ்சு. எட்டிப் பார்க்கலாம் என்று நான் கழுத்தை நீட்டியபோது முந்தானையை இழுத்து விடைத்தாளை மூடிக்கொண்டார். மதினிக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு முப்பத்து மூன்று. இரண்டு மார்க்கில் நான்காவது முறையும் பெயில்.

ஊர் சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. பாஸானதற்கு அண்ணன் வாங்கிவந்த மிட்டாயை யாருக்கும் கொடுக்காமல் டப்பாவில் போட்டு மூடிவைத்தார். "பொன்ராசும் பாஸாகட்டும், சேத்துக் கொடுப்போம்" என்றார். அடுத்த தடவை நான் பாஸானேன். அதற்குள் மிட்டாயை எறும்பு தின்றிருந்தது. அந்தப் பாஸை வைத்து மதினி பாலவாடி டீச்சரானார், நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன்.

இப்படிப்பட்ட மதினிக்கு நான் செய்த கைம்மாறு, கூடப் பிறந்த ஒரே தங்கையோடு ஒன்பது வருடம் பேசவிடாமல் செய்தது.

தங்கையின் பெயர் ராமுத்தாய். ஆத்தூரில் வாக்கப்பட்டவர். நான் சின்ன மதினி என்று கூப்பிடுவேன். அக்கா தங்கைக்கு அண்ணன் தம்பி கிடையாது, அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். ஒருவருக்கு ஒருவர்தான் பிறந்த வீடு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சௌந்தர்யாவின் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைக்க நான் ஒரு பிளக்ஸ் அடித்தேன். சொந்தக்காரர்கள் படமெல்லாம் வரிசையாக வரவேண்டும் என்று அண்ணன் சொன்னார். படங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியாக வந்த படம் ராமுத்தாயுடையது. செம்பட்டி ஸ்டூடியோவில், புதுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, இதற்காகவே போய் எடுத்துக்கொண்ட படம். அவருடைய முகம் ஒரு போர்டில் வருவது அதுதான் முதல் தடவை. கடைசியாக வந்ததால் கடைசி வரிசையில் வைத்தேன்.

பிளக்ஸை மரச்சட்டத்தில் ஆணி அடித்து மாட்டும்போது நாலு பக்கமும் நாலு அங்குலம் உள்ளே மடிப்பார்கள். அதற்கு வெள்ளையாக இடம் விட வேண்டும். படம் அதிகமாகிப் போனதால் நான் அந்த இடத்தையும் சேர்த்து நிரப்பிவிட்டேன். சட்டம் கட்டுகிற ஆசாத் வழக்கம்போல் மடித்து ஆணி அடித்தான். கடைசி வரிசை முழுவதும் மடிப்புக்குள் போய்விட்டது.

ராமுத்தாய் மண்டப வாசலில் நின்று மேலிருந்து கீழே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டு டிரைவர் இருந்தார். சமையல் மாஸ்டர்கூட இருந்தார். பிறகு குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "என் மொகத்த மடிச்சு வச்சுட்டீகளா? நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது என்றால் உறவு முடிந்தது என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

"என் மக கல்யாணத்துல கை நனைக்காமப் போனவ" என்று இங்கே மதினி. "என் மொகத்த மடிச்சு வச்சவ" என்று அங்கே ராமுத்தாய். நடுவில் நான் என்ன செய்தேன்? மடித்தது ஆசாத் என்று கையைக் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஆத்தூர்ப் பக்கம் ஆசாத்துக்கு 'மூஞ்சிய மடிச்சவன்' என்று பெயர். நல்ல மனுசன், பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உண்மையைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. சிங்கத்தின் மேல் உட்காரவைத்தவர்களையெல்லாம் பழித்தேனே, நானும் அந்த ஜாதிதான்.

இந்த ஏப்ரலோடு மதினிக்கு வேலை நிறைவு. ஊரில் பாராட்டு விழா வைப்பதாக முடிவானது. என்ன வேண்டும் மதினி என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே, "ராமுத்தாயி ஒருநாள் இங்க வந்து கை நனைச்சுட்டுப் போனாப் போதும்" என்றார். உடனே கீரைத்தண்டைப் படக்கென்று ஒடித்து, "ஆனா நான் கூப்பிட மாட்டேன். நீயும் கூப்பிடக் கூடாது. அவளா வரணும்" என்றார்.

அது என்னால் ஆகாத காரியம். ஆகிற காரியம் ஒன்றுதான், பிளக்ஸ். மதினிக்கு நன்றி சொல்லி ஒரு பிளக்ஸ் அடித்து, முதலில் என் கடை வாசலில் வைத்து, விழா அன்று அகரத்துக்குக் கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரிகளைத் தேடினேன். ஆம்பளைக்கு நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு பொம்பளை படம் மட்டும் தனியாக வருகிற மாதிரி என்றால் பூப்புனித நீராட்டு இருந்தது. மதினிக்கு அறுபது வயது. அதை விட்டால் இன்னொன்று இருந்தது. நீல வானம், வெள்ளை மேகம், நடுவில் வட்டத்துக்குள் படம், ஓரத்தில் குத்துவிளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'.

அந்த இரண்டு வார்த்தையை அழித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அழித்தேன். 'எங்களை ஆளாக்கிய தெய்வமே, உமது சேவையை என்றும் மறவோம்' என்று போட்டேன். கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று இருந்த இடங்களில் 'பணியேற்பு 1995', 'பணி நிறைவு 2025'. மதினியிடம் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் படம், அதில் சிரிப்பு கிடையாது. மேகம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். விளக்கும் அழகாகத்தான் இருந்தது.

கடையில் டிசைன் வேலை பார்க்கிற தமிழ்மதி பின்னால் வந்து நின்றாள். "அண்ணே, இது எழவு போர்டு மாதிரி இருக்குண்ணே."

"எழுதியிருக்கிறதப் படி."

"யாருண்ணே படிக்கிறா? மேகத்தையும் ரெண்டு வருசத்தையும் பாத்தா முடிஞ்சு போச்சு. கொஞ்சம் மாத்தித் தாரேன், செத்த நேரம் ஆகும்."

"இருபது வருசமா போர்டு அடிக்கிறேன். நீ போய் அந்தக் காதுகுத்து வேலையப் பாரு" என்றேன். அவள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆசாத் அதைக் கடை வாசலில் மாட்டினான். இந்தத் தடவை மடிப்புக்கு நாலு அங்குலம் விட்டிருந்தேன். மாட்டி முடித்து அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பெருமையில் நான் அதைக் கவனிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினேன்.

அகரம் போய் இறங்கியதும் தமிழ்மதி போன் செய்தாள். "அண்ணே, நீங்க கெளம்புனதுமே ஒரு அம்மா நம்ம போர்டப் பாத்து மார்ல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் வெளிய வாரதுக்குள்ள ஓடிப் போயிட்டாங்க."

"அழுகுறாங்களா? அப்ப நல்லா வந்திருக்குனு அர்த்தம்" என்றேன்.

பத்து நிமிடத்தில் மறுபடியும் போன். "அண்ணே, எதிர்க் கடைக்காரங்க போர்டுக்கு மாலை போட்டுட்டாங்க. அயாஸ் பாய் டீக்கடை ஷட்டர பாதிக்கு எறக்கிட்டாரு. உங்களுக்கு எப்படி ஆறுதல் சொல்றதுனு கேக்குறாங்க."

அப்போதுதான் எனக்கு வேர்த்தது. போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அங்கே மதினி அண்ணனுடைய போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். எரியோட்டிலிருந்து தூரத்துச் சொந்தம் யாரோ. "எப்படி ஆச்சு? நேத்துக் கூட நல்லா இருந்தாகன்னு சொன்னாக" என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்கே கேட்டது.

"யாரு?" என்றார் மதினி.

"செல்லக்கிளி அக்காதான். நீங்க யாரு பேசுறது?"

"செல்லக்கிளி."

அந்தப் பக்கம் படக்கென்று போனை வைத்துவிட்டார்கள். "யாரோ கிறுக்கு" என்று சொல்லிவிட்டு மதினி அடுப்படிக்குப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒப்பாரிச் சத்தம்.

ராமுத்தாய் அன்று காலையில் திண்டுக்கல்லுக்குக் கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நாலு மணி நேரம் மங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவர், என் கடை வாசலில் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். எழுத்து எதுவும் தெரியவில்லை. அக்கா முகம் மட்டும் தெரிந்திருக்கிறது. அப்புறம் மேகம்.

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து சேராமல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்தப் புதுச்சேலையைக் கொண்டுவர அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் தங்கைதான் ஆள். அழுதுகொண்டே ஜவுளிக்கடைக்குப் போய், சின்னாளபட்டிச் சுங்குடியில் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து நேரே அகரம் வந்துவிட்டார்.

சத்தம் கேட்டதும் மதினி கரண்டியோடு வாசலுக்கு ஓடினார். எழவு வீட்டுக்கு வருகிற பெண், வாசலில் நிற்கிற பெண்ணைக் கழுத்தோடு கட்டிப்பிடித்துத்தான் அழுவாள். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாத ராமுத்தாய், நின்றது யார் என்று பார்க்காமலே கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார். முகம் தோளில் புதைந்திருந்ததால் வந்தது யார் என்று மதினிக்கும் தெரியவில்லை. ஆனால் அறுபது வருடப் பழக்கம் அப்படி. கட்டிப்பிடித்தால் அழ வேண்டும். மதினியும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"என்னத் தூக்கிச் சொமந்த இடுப்பு
இன்னைக்குச் சும்மா கெடக்குதே
எனக்குச் சீல கட்டிவிட்ட கையி
இன்னைக்குச் சில்லுனு ஆச்சுதே" என்று ராமுத்தாய் இழுத்தார்.

"யாத்தே, யாத்தே" என்று மதினி கூடவே இழுத்தார். கரண்டி ராமுத்தாயின் முதுகில் இருந்தது. யார் செத்தது என்று மதினிக்கு இன்னும் தெரியாது. கேட்டால் மரியாதை இல்லையே என்று அழுதுகொண்டிருந்தார். ராமுத்தாய் அடுத்த அடி எடுத்தார்.

"ஆத்தூரு கம்மாயில
ஆழத்துல நான் முங்க
கூந்தலப் புடிச்சு இழுத்து
கொண்டாந்து சேத்தவளே"

மதினியின் அழுகை நின்றது. "கூந்தல் இல்லடி, காது" என்றார். "காதப் பிடிச்சுத்தான் இழுத்தேன். கம்மலு அந்துபோயி அம்மாகிட்ட அடி வாங்குனது நானு. அது ஆத்தூருக் கம்மாயும் இல்ல, நம்மூருக் கெணறு."

ராமுத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாட்டுக்குக் கூந்தல்தான் வரும்" என்றார். பிறகுதான் யாரோடு பேசுகிறோம் என்று உறைத்தது. மதினியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்குக்கு மூக்கு வைத்துப் பார்த்தார். மூக்குத்தியைத் தடவினார். கன்னத்தைக் கிள்ளினார்.

"வலிக்குதுடி" என்றார் மதினி.

"உசுரோடவா இருக்க?" என்றார் ராமுத்தாய். அதில் சந்தோசத்தை விடக் கோபம்தான் அதிகம் இருந்தது. "நான் பஸ் ஸ்டாண்டுலருந்து அழுதுக்கிட்டு வாரேன். நீ கரண்டிய வச்சுக்கிட்டு நிக்கிற. வெக்கமா இல்ல உனக்கு?"

இருவரும் விலகி நின்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்ததும் ஒன்பது வருடம் திரும்பி வந்துவிட்டது. ராமுத்தாய் சேலைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரி, நல்லாத்தான் இருக்கா. நான் கெளம்புறேன்" என்று ஆட்டோவைப் பார்த்துச் சொன்னார். மதினி வேப்பமரத்தைப் பார்த்தார். இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும். ராமுத்தாயும் கூப்பிடாமல் உள்ளே வர மாட்டார். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இத்தனை வருடமாக வராத துணிச்சல் அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "சின்ன மதினி, ஆசாத் மேல தப்பு இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கல்யாண போர்டு. மடிப்புக்கு எடம் விடாம அளவெடுத்தது நான்தான். உங்க படத்த மடிப்புல வச்சது நான். மதினிக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு அந்த மேகத்தப் போட்டதும் நான்தான்."

"எம்புட்டு நாளாத் தெரியும் உனக்கு?" என்றார் மதினி.

"அன்னைக்கே தெரியும்."

மதினி கரண்டியை வலது கைக்கு மாற்றினார். "மூணு தடவை கணக்குல பெயிலானவன்கிட்ட அளவெடுக்கச் சொன்னா இதான் நடக்கும்."

"மூணு இல்லக்கா, நாலு" என்றார் ராமுத்தாய்.

"ஆமாடி, நாலு."

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து என்னை ஏசிய ஏச்சை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க இன்னொருவர் முடித்தார். ஒன்பது வருட இடைவெளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இடையில் அண்ணன் காட்டிலிருந்து வந்தார். என்ன விசயம் என்று கேட்டுவிட்டு, அவரும் ஒரு வார்த்தை ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. ஏச்சு வாங்க வாங்க மனசு லேசாகிக்கொண்டே போனது.

ஏசி ஓய்ந்ததும் மதினி, "உள்ள வா, சாப்பிடு" என்றார். அவர் கூப்பிட்டுவிட்டார் என்பது அவருக்கே தெரியவில்லை.

"எழவு வீட்டுல பொணத்த எடுக்காம சோறு திங்கக் கூடாது" என்றார் ராமுத்தாய்.

"பொணமே சோறு போடுது, உக்காருடி."

கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, வெஞ்சனத்துக்குக் கீரை. மதினி இலையில் சோற்றை வைத்துவிட்டு நகராமல் நின்றார். ராமுத்தாய் சோற்றில் கை வைத்தார். பிசைந்தார். ஒரு வாய் உண்டுவிட்டு, "வெஞ்சனத்துல உப்பு இல்ல" என்றார். மதினி உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனவர் செத்த நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. பிறகு அவரும் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துப் பையைப் பிரித்தார்கள். மாம்பழக் கலர், அரக்குக் கரை. ஒப்பாரி கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், எடுத்துவந்த கோடியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கோயிலில் போட்டுவிடுங்கள் என்றார். மதினி சேலையைத் தோளில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தார். "கண்ணு தெரியாமலா இந்தக் கலரு எடுத்த?" என்று கேட்டார்.

"பச்சதான் எடுத்துக் காட்டுனாங்க. எங்கக்கா பச்ச கட்ட மாட்டா, மாம்பழக் கலரு இருக்கானு கேட்டேன். கடையில ரெண்டு பேரக் கேட்டுத்தான் வாங்குனேன்."

"செத்தப்புறம் போத்தினா எனக்கு என்னத்தத் தெரியும்? நல்லா இருக்கானு பாக்கக்கூட முடியாது. நான் விழாவுக்கு இதத்தான் கட்டப் போறேன்" என்றார் மதினி. பக்கத்து வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

அதையேதான் கட்டிக்கொண்டு வந்தார். பாலவாடி வாசலில் பந்தல். தராசில் தொங்கியவர்களெல்லாம் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முகேஷ்குமார் யூனிபார்மோடு வந்து வண்டிகளை ஒழுங்குபடுத்தினான். என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் அத்தனையும் மறந்துபோய், "மதினி இல்லேன்னா நான் இன்னும் புளியமரத்துலதான் இருந்திருப்பேன். பத்து வயசுல அம்மா இல்லாமப் போனவன் நான். அந்தக் குறை தெரியாம வளந்தேன்" என்று மட்டும் சொன்னேன். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். முன்வரிசையிலிருந்து மதினி, "சரி அப்பு, போதும், தண்ணியக் குடி" என்றார். ஒரு சின்னப் பிள்ளை எழுந்து வந்து அதன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டியது.

விழா பிளக்ஸை நான் தொடவே இல்லை. முழுக்கத் தமிழ்மதியின் வேலை. மேகம் கிடையாது, தெய்வமும் கிடையாது. அன்று நான் எடுத்த படம்தான். மதினியும் ராமுத்தாயும் பக்கத்தில் பக்கத்தில், கையில் சோற்றோடு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. மேலே 'எங்க டீச்சரும் அவுக தங்கச்சியும்' என்று ஒரே வரி. இரண்டு முகமும் ஒரே அளவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவுதான்.

ராமுத்தாய்க்கு இப்போது கண் நன்றாகத் தெரிந்தது. போர்டுக்கு முன்னால் நின்று தன் முகத்தைப் பார்த்தார், அக்கா முகத்தைப் பார்த்தார், எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, குனிந்து ஓரத்தில் விரலைக் கொடுத்து மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். ஆசாத்தும் சிரித்தான். தமிழ்மதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நானும் குனிந்து பார்த்தேன். மடிப்புக்குள் ஒரே ஒரு படம். என் படம். மூக்குக்குப் பக்கத்தில் ஆணி.

"டீச்சர்தாண்ணே சொன்னாங்க" என்றாள் தமிழ்மதி.

"ஒம்பது வருசம் உள்ளயே இருக்கட்டும்" என்றார் மதினி. "அப்புறமா எடுத்து விடுவோம்."

விழா முடிந்ததும் ராமுத்தாய் அந்த பிளக்ஸைச் சட்டத்தோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். இப்போது அது ஆத்தூரில் அவர் வீட்டு நடுச்சுவரில் இருக்கிறது. மதினியைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை போவேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பேன். இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்.